முதலாளியின் அருவி

வானத்தைப் பார்த்துத் திட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. மழை வரவில்லை என்று திட்டுவார்கள், வந்தால் வந்து தொலைத்ததே என்று திட்டுவார்கள். ஆனால் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி வைத்துவிட்டு, வெயில் அடிக்கிறதே என்று திட்டிய ஒரே மனிதர் என் முதலாளிதான். இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து, ஒரு மேகம் சூரியனை நோக்கி நகர்வதை அவர் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் அப்படியே கண்ணில் இருக்கிறது. அவருக்கு முன்னால் எங்கள் ஊர் ஆற்றுச் சட்ரஸில் தண்ணீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. பின்னால் கரையில் ஊரே கூடி நின்றது. அவருடைய சட்டைக் காலருக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையைப் பிடித்தபடி நான் நின்றேன். இந்த ஆள் உண்மையில் யாரைப் படம் பிடிக்க வந்திருக்கிறார் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடிய ஒரே கேள்வி.

கும்பகோணத்தில் அவருக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க மாட்டார், மற்ற நாட்களில் மூடவே மாட்டார். நான் அவரிடம் டச்சப் வேலை பார்த்தேன். நெகடிவை வெளிச்சக் கண்ணாடியின்மேல் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பைப் பென்சிலால் மூடுவது, மாப்பிள்ளைகளின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை எடுப்பது. கூலிக்காரத் தெருவில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, நாற்றங்காலில் குனியாமல் நாற்காலியில் குனிந்து பிழைத்ததில் எங்கள் தெருவில் நான்தான் முதல் ஆள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பயமும் உண்டு. ஏனென்றால் எங்கள் கடைக்குப் போலீஸ் வேலையும் வரும். ஆற்றில் மிதந்த பிணம், திருட்டுப் போய்க் கிடைத்த சாமி சிலை, பிடிபட்டவனின் முகம் என்று எதையாவது எடுக்க முதலாளியை அழைத்துக்கொண்டு போவார்கள். போய்விட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், எதுவும் பேச மாட்டார். பேசாத மனிதரை நம்புவது எனக்கு என்றைக்குமே கஷ்டம்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் யாரையும் நம்பவில்லை. நடவுக் கூலியை உயர்த்திக் கேட்டுக் கூலிக்காரர் சங்கம் நின்றது. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. கைகலப்பானது. புதிதாக வந்திருந்த ஆட்சி நம்முடைய ஆட்சி என்று சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அந்த ஆட்சி கூலி பேசித் தீர்க்க ஆளையும் அனுப்பியது, கூடவே போலீசையும் அனுப்பியது. யாரைப் பார்த்துக் கும்பிடுவது, யாரைப் பார்த்து ஓடுவது என்று தெரியாமல் ஜனங்கள் குழம்பிப் போனார்கள். கைகலப்பு வழக்கில் முதல் பெயர் என் அக்கா புருஷனுடையது. மச்சான் தலைமறைவாக இருந்தான். போலீசுக்கு அவன் பெயர் தெரியும், முகம் தெரியாது. எங்கள் தெருவில் எவனைக் கேட்டாலும், "அவரு திருப்பூர் போயிட்டாருங்க" என்பார்கள். மச்சான் உண்மையில் ஆற்றுக்கு அக்கரையில் வாழைக்கொல்லையில் இருந்தான். பிடித்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று அக்கா நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த நிலைமையில் ஒரு சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் கடைக்கு வந்து, முதலாளியோடு தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் முதலாளி என்னிடம், "தம்பி, உங்க ஊர் சட்ரஸுக்குப் போறோம். அருவி எடுக்கணும்" என்றார்.

ஆற்றின் குறுக்கே இரும்புக் கதவுகளை வரிசையாக வைத்துத் தண்ணீரைத் தேக்கி வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடும் கட்டுமானத்துக்கு எங்கள் பக்கம் சட்ரஸ் என்று பேர். கதவுகளுக்கு மேலே ஆள் நடக்க ஒரு பாலம் இருக்கும். வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊரை ஒட்டி ஒன்று உண்டு. அதில் போய் அருவியா? கேட்டேன். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் காலண்டருக்கு அருவிப் படம் வேண்டும் என்றாராம், குற்றாலம் போய்வரச் செலவு தர மாட்டேன் என்றாராம். "தண்ணி மேலேர்ந்து கீழ விழுந்தா அருவிதானேப்பா. கரையை விட்டுட்டு, கீழேர்ந்து பாலத்தோட நெருக்கி எடுத்தா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார் முதலாளி. தஞ்சாவூர் ஜில்லாவில் அருவி இருக்கிறது என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். கும்பகோணத்தைச் சுற்றி எத்தனையோ சட்ரஸ் இருக்க, ஏன் எங்கள் ஊர்? கேட்டதற்கு, "நீதானே சொன்னே, உங்க ஊர்ல தண்ணி பால் மாதிரி விழும்னு" என்றார். நான் அப்படிச் சொல்லியிருந்தேன். டீ குடிக்கும்போது எதையாவது பேசி வைப்பதுதானே. அதை ஒருவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஞாபகம் வைத்திருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

போய் இறங்கியபோது ஐப்பசி மாதத்துக்கே உரிய கிறுக்கு வானம். கொஞ்ச நேரம் கண் கூசும் வெயில், கொஞ்ச நேரம் விளக்கு வைக்கிற நேரம்போல இருட்டு, இடையிடையே தூறல். முதலாளி கரைச் சரிவில் இறங்கி, ஸ்டாண்டின் கால்களைச் சேற்றில் ஊன்றி, கேமராவை ஏற்றினார். வெயில் வந்தால் கேமராவைத் துணியால் மூடிவிட்டுக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். மேகம் மூடினால் துள்ளி எழுந்து எடுப்பார். காரணம் எனக்குத் தெரியும். விழுகிற தண்ணீர் காலண்டரில் பட்டுப்புடவைபோல மழமழவென்று இருக்க வேண்டும் என்றால், கேமராவின் கண்ணை இரண்டு மூன்று எண்ணுகிற வரைக்கும் திறந்து வைக்க வேண்டும். வெயிலில் அப்படித் திறந்து வைத்தால் படம் வெந்துபோகும். கரையில் நின்ற ஜனங்களுக்கு இது தெரியுமா? கல்யாண வீட்டில் போட்டோக்காரர் வெளிச்சத்துக்குத் தவம் கிடப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

நடவை விட்டு ஏறி வந்திருந்த ஒரு ஆயா சத்தமாகவே சொன்னாள். "வெயிலு பளீர்னு அடிக்குது, சும்மா குந்தியிருக்காரு. இருட்டுனா மட்டும் எடுக்கறாரு. இது தண்ணிய எடுக்கற ஆளா? மூஞ்சிய எடுக்க வந்திருக்கற ஆளு." தெருவின் நாட்டாமை என்னை ஓரமாக இழுத்து, "தம்பி, நீ நம்ம பிள்ளை. யாருப்பா இவரு?" என்றார். என் முதலாளி என்றேன். "அது தெரியும். யாருன்னு கேக்கறேன்" என்றார்.

அந்தப் பக்கம் பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு வேறு சந்தேகம். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணை தன் நிலத்தையெல்லாம் மருமகன், சமையல்காரன், செத்துப்போன பாட்டி என்று கண்டவர் பேரில் பினாமியாக எழுதி வைத்திருந்த நேரம். "சார் எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க? தண்ணிக்குப் பின்னால தெரியுதே வயலு, அது படத்துல விழுமா?" என்று பதமாக விசாரித்தார். முதலாளி அண்ணாந்து மேகத்தைப் பார்த்தபடியே, "விழாதுங்க. எனக்கு உங்க வயலும் வேணாம், வரப்பும் வேணாம். அந்த மேகம் வந்தாப் போதும்" என்றார். காரியஸ்தர் நம்பவில்லை. நம்பாமல் போகவும் இல்லை, மரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவை முதலாளி படம் எடுத்தபோதும் அவர் விரலை மடக்கிக்கொண்டதை நான் கவனித்தேன்.

பெரிய தூறல் ஒன்று விழுந்தது. கரையில் நின்றவர்கள் புளியமரத்துக்கு ஓடினார்கள். முதலாளி எதிர்பார்த்திருந்த இருட்டு அதுதான். "குடையை நல்லாப் புடிப்பா" என்று சொல்லிக் கேமராவின் கண்ணைத் திறந்தார். அந்த நிமிஷத்தில்தான் மச்சான் பாலத்தில் ஏறினான். மழைக்கு எல்லோரும் ஒதுங்கியிருப்பார்கள், ஓடிப்போய் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். பாலத்தின் நடுவில் வந்ததும் எங்களைப் பார்த்தான்.

ஓடியிருக்கலாம். நடந்து போயிருந்தாலே போதும். அப்படித் திறந்து வைத்து எடுக்கிற படத்தில் நடக்கிற ஆள் விழமாட்டான். அதற்குச் சற்று முன்னால் அதே பாலத்தில், கதவுகளை ஏற்றி இறக்குகிற லஸ்கர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், படத்தில் அவர் புகையாகக்கூட இல்லை. ஆனால் மச்சான் நின்றான். சும்மா நிற்கவில்லை. தோள் துண்டைச் சரி செய்துகொண்டான். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டான். மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, கேமராவையே பார்த்துக்கொண்டு சிலையாக நின்றான். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவன் அம்மா சொல்லியிருந்ததால் அதுவரை அவன் படமே எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் என்னைப் பார்க்க ஸ்டுடியோவுக்கு வரும்போதெல்லாம், "ஆடாதீங்க, ஆடுனா படம் போயிடும்" என்று முதலாளி ஜனங்களை அதட்டுவதைப் பார்த்திருக்கிறான். பிற்பாடு நான் பிடித்து உலுக்கி, ஏன் மச்சான் நின்றாய் என்று கேட்டபோது தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "ஆடுனா உங்க மொதலாளி திட்டுவாரேன்னு நின்னுட்டேன் மாப்ள." எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

முதலாளி கேமராவின் கண்ணை மூடிவிட்டு, "கெடுத்துட்டான்யா" என்றார். மச்சான் அதற்குள் மறுபக்கம் இறங்கி மறைந்துவிட்டான். என் கையில் இருந்த குடை தரையில் கிடந்தது. மரத்தடியில் காரியஸ்தர் இன்னொரு விரலை மடக்கினார்.

கும்பகோணம் திரும்பினோம். வழக்கமாக பிலிம் கழுவும்போது என்னை உள்ளே கூப்பிடுவார். அன்றைக்குத் தானே இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை. ஒரு சுருள் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். கதவில் காதை வைத்துக் கேட்டேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தாளில் படமாகவே போட்டுக்கொண்டிருக்கிறாரோ, ரைட்டருக்குக் கொடுப்பதற்கோ என்று கதவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் ரைட்டரே வந்தார். தேடுகிற ஆள் சட்ரஸில் தென்பட்டதாகவும் கேமரா அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் தகவல் என்றார். தகவல் யார் கொடுத்தது என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. "எத்தனை படம் எடுத்தீங்கன்னும் தெரியும். சுருளோட வேணும்" என்றார். முதலாளி, "ஈரமா இருக்குங்க. சாயங்காலம் வாங்க, நானே படமும் போட்டுத் தர்றேன்" என்று கைகட்டிச் சொன்னார். ரைட்டர் போனதும் கடையின் முன்கதவைச் சாத்தினார். பின்பக்கம் வழியாக ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அவர் சுருளைக் கொண்டுவந்து என் வெளிச்சக் கண்ணாடியில் விரித்தார். பாலத்தில் மச்சான் நின்றான். நெகடிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும், இருந்தும் பார்த்தவுடன் தெரிந்தது. காலடியில் தண்ணீர் விரிந்து விழ, பின்னால் வெறும் வானம் மட்டும் இருக்க, அவன் நிமிர்ந்து நின்ற மாதிரி ஒரு ராஜாகூட நிற்க மாட்டான். அந்தக் கடையில் இருந்த காலமெல்லாம் அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

"யாரு இவன்?" என்றார்.

"தெரியாது சார்."

"தெரியாதவனுக்கா குடையைக் கீழ போட்டே?" என்றார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் கேளு. போலீஸ் வேலைக்குப் போறேன்னு உங்க சங்கத்து ஆளுங்க எம்மேல கண்ணு வெச்சிருக்காங்க, அதுக்குத்தான் உன்னை இங்க வேலைக்கு அனுப்பிச்சிருக்காங்கன்னு நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். நேத்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தப்ப, நீதான் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கேன்னே முடிவு பண்ணிட்டேன்."

நான் அவரை வேவு பார்ப்பதாக அவரும், அவர் என்னை வேவு பார்ப்பதாக நானும் ஒரே பானை டீயைப் பங்கிட்டுக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்!

"சுருளை வெட்டிட்டா எண்ணிக்கை குறையும். சந்தேகப்படுவாங்க. சுருள் முழுசாப் போகட்டும், ஆளை மட்டும் எடுத்துடு" என்று சொல்லி, பென்சில் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பென்சில் போதும். நெகடிவில் அவன் மேல் மெதுவாகப் பென்சிலை ஓட்டினால் பின்னால் இருக்கும் வானத்தோடு வானமாகக் கரைந்துவிடுவான். ஆனால் பென்சிலை யாரும் பஞ்சால் துடைக்கலாம். துடைத்தால் மச்சான் திரும்ப வந்து அதே இடத்தில் நிற்பான். முதலாளி துடைக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? நல்ல பிள்ளைபோலப் பேசிவிட்டுச் சாயங்காலம் பஞ்சை எடுத்தால்? ஆகவே பிளேடை எடுத்தேன். முகத்தை முதலில் சுரண்டினேன். பிறகு மார்பு, கை, தோளில் சரி செய்த துண்டு. பிலிமில் படம் இருக்கும் மேல்தோல் தூளாக வந்தது, ஊதினேன். சுரண்டிய இடத்தைச் சிவப்பு மை வைத்து அடைத்தேன். படம் போட்டால் அங்கே வெறும் வெள்ளை வானம்தான் விழும். இனி எந்தப் பஞ்சும் அவனைக் கொண்டுவர முடியாது. நிம்மதியாக இருந்தது. இன்றைக்குத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் பிளேடைத்தான் எடுப்பேன்.

ரைட்டர் சாயங்காலம் வந்து, படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்துலயும் தண்ணிதான்யா இருக்கு" என்றார். "தண்ணியத்தாங்க எடுத்தேன்" என்றார் முதலாளி. சுருளையும் படங்களையும் கட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. ஜவுளிக்கடைக்காரர் அந்த வருஷக் காலண்டருக்கு லட்சுமியைப் போட்டுக்கொண்டார். முதலாளியின் அருவி அதோடு போயிற்று.

என் சந்தேகம் போகவில்லை. இருட்டறையில் அவ்வளவு நேரம் என்ன செய்தார்? நான் சுரண்டுவதற்கு முன்பே ஒரு படம் போட்டு ஒளித்து வைத்திருப்பாரோ? நாளைக்கு ஏதாவது வம்பு என்றால் எடுத்து நீட்டுவாரோ? ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போயிருக்கும்போது, என்னிடம் இருந்த சாவியால் கடையைத் திறந்து அட்டைப் பெட்டிகளையெல்லாம் கொட்டித் தேடியிருக்கிறேன். யார் யாரோ மாப்பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள், மச்சான் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இன்னும் பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்து விலகியபோதுகூட, அவர் கொடுத்த கைக்கடிகாரத்தை, வாயை அடைக்கக் கொடுக்கிறாரோ என்ற நினைப்போடுதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சமாதானம் பேசி வழக்கைக் கைவிட்டார்கள். மச்சான் வீட்டுக்கு வந்தான். உச்சவரம்பில் எடுத்த நிலத்தில் கொஞ்சம் அவன் பேருக்குப் பட்டாவானது. பட்டா வாங்குகிற அன்று எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். மச்சான் மட்டும் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டான். சட்ரஸில் தப்பியது போதும், இனி கேமரா முன்னால் நிற்க மாட்டேன் என்று அவனுக்கு ஒரு வைராக்கியம். என் கல்யாணத்திலும் பந்தலுக்குப் பின்னால் போய் விறகு பிளந்தான். நல்ல திடகாத்திரமான ஆள். மஞ்சள் காமாலை வந்து, வேரும் கீழாநெல்லியும் என்று நாளைக் கடத்தி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது.

காரியத்துக்கு முன்னால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அதற்குள் எங்கள் தெருவில் செத்தவர்கள் எல்லார் வீட்டுச் சுவரிலும் படம் மாட்டி, சீரியல் பல்பு போடும் வழக்கம் வந்துவிட்டது. "படைக்கறதுக்கு ஒரு படம் இல்லியேடா. சின்னவளுக்கு அப்பன் மூஞ்சி நாளைக்கு ஞாபகம் இருக்குமா?" என்றாள். சுரண்டியதைச் சொன்னேன். ஏற்கெனவே அவளுக்குத் தெரிந்த கதைதான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க மொதலாளி திருட்டுத்தனமா ஒண்ணு போட்டு வெச்சிருப்பாருன்னு சொல்லுவியே. போய்க் கேளுடா. போட்டிருப்பாருடா. அப்படிப்பட்ட ஆளுதான்னு நீயே சொல்லியிருக்கே."

கும்பகோணத்துக்கு முதல் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் அவர் அயோக்கியராக இருக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். கண்ணில் புரை விழுந்து, கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டேன்: "சார், அன்னைக்கு இருட்டறைல எனக்குத் தெரியாம அந்தப் படத்தை ஒண்ணு போட்டீங்கல்ல?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருசம் கழிச்சு வந்து இதையா கேக்கறே? கர்த்தர் மேல ஆணை, போடல" என்றார்.

"பொய் சொல்லாதீங்க சார். போட்டிருந்தா குடுத்துடுங்க. கால்ல விழறேன்" என்றேன். அதைக் கேட்டுத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போட எடுத்தேம்ப்பா" என்றார் கடைசியில். "ஆயுசுக்கு அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்ல. தாளை எடுத்து வெச்சேன், திரும்ப உள்ள வெச்சேன், திரும்ப எடுத்தேன். நீ வெளில கதவாண்ட நிக்கறது தெரிஞ்சுது. போட்டு வெச்சா என்னைக்காவது நீ கண்டுபிடிப்பே, உங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வருவேன்னு பயந்துகிட்டு விட்டுட்டேன்."

அவர் மகனைக் கூப்பிட்டு, பரணில் இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கச் சொல்லி, இல்லை என்று தெரிந்தே எனக்காக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இல்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள், பைக்குள் எட்டிப் பார்த்தாள். போடவில்லையாம் அக்கா, சத்தியம் செய்கிறார், நம்புகிறேன் என்று சொன்னேன். அவள் உள்ளே போய், மச்சானின் வேட்டியையும் துண்டையும் மடித்து மணைமேல் வைத்து, அதற்கு முன்னால் இலையைப் போட்டாள். சோற்றை அள்ளி வைக்கும்போது யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

"அந்த ஆளு இவ்ளோ யோக்கியனா இருந்திருக்க வேணாம்டா."